அண்ணையின் வேட்டிக்கு ஓர் ஆங்கிலச் சொல்

அன்புள்ள அண்ணை,

அன்றைக்குக் கோயில் வீதியில் உங்கள் வேட்டி தானாக அவிழவில்லை. நான்தான் இழுத்தேன்.

நாலு வருடம் அடக்கி வைத்திருந்ததை, நீங்கள் திருப்பிக் கேட்க ஏலாத நேரம் பார்த்துச் சொல்கிறேன். என் வீரத்தின் அளவு உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம். ஊரில் பகிடி எழுதிச் சிரிக்க வைக்கிறவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று, கனடாவிலிருந்து உங்கள் மகள் சுகந்தி ஓர் ஆங்கிலப் பக்கமும் கேட்டாள். நீங்களும் நானும் கதைக்காமல் இருந்தது ஊருக்கே தெரிந்த விசயம். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் போடுவது என்று அவளையே கேட்டேன்.

"டிஃப் எண்டு போடுவம், சித்தப்பா. சின்னச் சண்டைக்குச் சொல்லுறது."

"ஃபைட் எண்டால் என்ன பிள்ளை?"

"ஐயோ, அது அடிபாடு மாதிரி. டிஃப் எண்டால் நெருங்கின ஆக்களுக்கை வாற கோவம். காலமை முகத்தைத் திருப்பினால் பின்னேரத் தேத்தண்ணியோடை சரியாப் போயிடும்."

"கை பட்டால்?"

"கை பட்டால் அது ஸ்கஃபிள். ஏன், கை பட்டதே?"

"சீச்சீ" என்றேன். அவளிடமும் பொய்.

என் கை எதற்குப் பட்டது, அண்ணை? திருவிழாவில் சாமியைத் தோளில் காவுகிறவர்களை உயரம் பார்த்து நிறுத்துகிறவர் நீங்கள். அந்த முறை வீடியோக்காரர் முன்னுக்கு நின்றார். வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் பார்க்கும் என்று சாமி தூக்கும் கொம்புகளில் முன்கொம்பை நான் போய்ப் பிடித்தேன்.

"தம்பி, நீ கட்டை. பின்னுக்குப் போ, சாமி சரியும்" என்றீர்கள். உண்மைதான். ஆனால் சனம் சிரித்தது. மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தே பிழைக்கிறவனுக்குத் தன்னைப் பார்த்துச் சனம் சிரித்தால் தாங்காது போலிருக்கிறது. முன்கொம்பை நீங்கள் தோளில் வாங்கினீர்கள். நான் உங்களுக்கு நேர் பின்னால். வடக்கு வீதி திரும்பும்போது உங்கள் வேட்டித் தலைப்பைப் பிடித்து ஒரே இழுவை.

கொம்பிலிருந்து கையை எடுத்திருந்தால் வேட்டியைப் பிடித்திருக்கலாம். நீங்கள் எடுக்கவில்லை. யாரோ ஓடிவந்து சால்வையைச் சுற்றிவிடும்வரை, ஊர் பார்க்க, அரைக் காற்சட்டையோடு சாமியைக் காவினீர்கள். சாமி ஒரு விரல்கூடச் சரியவில்லை.

இறக்கி வைத்ததும் என்னிடம் வந்தீர்கள். "ஆரடா இழுத்தது?"

"காத்தண்ணை. துறைமுகப் பக்கத்துக் காத்து."

நீங்கள் அண்ணாந்து தோரணத்தைப் பார்த்தீர்கள். ஓர் ஓலைகூட ஆடவில்லை. "ஓம், காத்துத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். என்னோடு நீங்கள் கதைத்த கடைசி வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு நீங்கள் கொம்புக்குத் தோள் கொடுக்கவும் இல்லை.

நான் சும்மா இருந்தேனா? சாம்பல்தீவிலிருந்து தோப்பூர் வரை, போன கலியாண வீடெல்லாம் அந்தக் காற்றுக் கதையைச் சொல்லிச் சிரிப்பு வாங்கினேன். ஒருமுறை பந்தலின் மறுபக்கத்தில் நீங்கள் இலையின் முன்னால் குனிந்தபடி இருந்ததைக் கண்ட பிறகும் கதையை நிறுத்தவில்லை. கதையின் முடிவுக்கு வந்துவிட்டிருந்தேன், அண்ணை. சனம் சிரிக்கக் காத்துக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஏழு வாசற்படலைதான். நாலு வருடத்தில் எத்தனை பின்னேரத் தேத்தண்ணி! ஒன்றுக்காவது வந்து "நான்தான் இழுத்தனான்" என்று சொல்லியிருந்தால், சுகந்தியின் சொல் எங்களுக்குப் பொருந்தியிருக்கும். நீங்கள் ஏசியிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா?

இனி அந்தக் காற்றுக் கதையை எந்தப் பந்தலிலும் சொல்ல மாட்டேன். மலரில் "டிஃப்" என்பதை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி போடுவேன். வருகிற திருவிழாவில் யாரும் சொல்லாமலே பின்னுக்குப் போவேன். இது சத்தியம்.

முன்கொம்புக்கு எட்டாத,
உங்கள் தம்பி

பி.கு.: மலர் நேற்றே அச்சாகி வந்துவிட்டது. "டிஃப்" என்றுதான் இருக்கிறது. கடைசியாகப் பார்த்து, சரி என்று கையெழுத்து வைத்தவன் நான்.