மறதி சர்டிபிகேட்

லாசுப்பேட்டை,
2.9.2025

அன்புள்ள விருத்தாம்பாளுக்கு,

நான் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் மாட்டின் சௌக்கியத்துக்கும் எழுது. போன் என் கையில் இல்லை. பாங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவனோ நம்பர் கேட்டான், சொல்லிவிட்டேன். அன்றைக்கே மணிபாரதி போனை வாங்கி பீரோவில் வைத்துவிட்டான். நம் நல்லதுக்குத்தான். அவன் போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடுகிறான், மருமகள் ஜெயசுதாவும் கேட்கிறாள் என்று உனக்குக் கோபம். அதனால் கடிதம். கீழே வாட்ச்மேன் தபாலில் போட்டுவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நீ சம்பா போட வேண்டாம். சுத்துக்கேணி புகழேந்தி இரண்டு காணியையும் குத்தகைக்குக் கேட்கிறான். நல்ல பையன், சொந்த டிராக்டர் வைத்திருக்கிறான். மணிபாரதி பேசி முடித்துவிட்டான். உன் அப்பா உன் பேருக்கு எழுதிவைத்த நிலம், அதனால் உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அறுபத்தாறு வயதில் சேற்றில் நிற்கிறவளைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. பெற்ற பிள்ளை சோறு போடவில்லையா என்று அவனைக் கேட்கிறார்களாம். அவனுக்கு அவமானம். வயதானால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நான் ஒதுங்கிக்கொள்ளவில்லையா? மாட்டை விற்றுவிட்டு இங்கே வந்து சேர்.

உன் நன்மையை நினைக்கிற,
சிங்காரவேலு


செலியமேடு,
ஆவணி 23

என் வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்தது. அதில் மணிபாரதி இருக்கிறான், ஜெயசுதா இருக்கிறாள். நீங்கள் எங்கே என்று தேடினேன்.

உங்கள் நல்ல பையன் புகழேந்தி முந்தாநாள் வந்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை. “வூட்ல சின்னவங்க யாருனா இருந்தா கூப்புடு ஆயா, பேசணும்” என்றான். நிலம் என்னுடையது, என்னிடம் பேசு என்றேன். “உனுக்கு இன்னா ஆயா புரியும், நான் மணியண்ணன்கிட்டயே பேசிக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்கு நான் டீ போட எழுந்திருந்தேன், அது வேறு.

பிள்ளைக்கு அவமானமாக இருக்கிறதாம். போன தை மாதம் இந்தச் சேற்றில் விளைந்த அரிசியை மூட்டை மூட்டையாகக் காரில் ஏற்றினானே, அப்போது அவமானம் எங்கே போயிருந்தது? ஜெயசுதா தவிடு கூட விடவில்லை.

நீங்கள் ஒதுங்கியது உங்கள் இஷ்டம். டிவிக்கு முன்னால் உட்கார வைத்து, ரிமோட்டை அவர்கள் கையில் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் ஒதுங்குவதா? மாடு சினையாக இருக்கிறது, விற்க மாட்டேன். நாற்று விட்டாயிற்று. கையெழுத்துப் போட மாட்டேன்.

விருத்தாம்பாள்


லாசுப்பேட்டை,
15.9.2025

விருத்தாம்பாளுக்கு,

உன் வாய் மட்டும் இன்னும் கிழடாகவில்லை. டிவிஎஸ் வண்டியோடு வாய்க்காலில் விழுந்தாயே, அதை ஏன் எழுதவில்லை? பாலை அடுப்பில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாயாம், பாத்திரமே கருகிப்போனதாம். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி மணிபாரதியிடம் சொல்லியிருக்கிறாள். அறுபது தாண்டினால் பிடிவாதமும் மறதியும் சேர்ந்துதான் வரும் என்று ஜெயசுதா சொல்கிறாள். அவள் படித்தவள்.

சண்டை வேண்டாம். உனக்குக் கண் மங்கலாக இருக்கிறது என்று சொன்னாய் அல்லவா? வருகிற 24ஆம் தேதி டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறான். காலையில் கார் வரும். நானும் வருகிறேன். அடம் பிடிக்காமல் ஏறி வா.

சிங்காரவேலு


செலியமேடு,
புரட்டாசி 12

சிங்காரவேலு அவர்களுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் சொன்னதில்லை. கோயில் அர்ச்சனைக்குக் கூட பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். இன்றைக்கு எழுதிவிட்டேன்.

கண் டாக்டர் என்று கூட்டிப் போனீர்கள். அவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, எல்லாம் மணிபாரதியைத்தான் கேட்டார். நான் எதிரிலேதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, காது கேட்காதவளிடம் பேசுகிற மாதிரி கத்தி, “பாட்டி, இன்னைக்கு என்ன தேதி?” என்றார்.

“பொரட்டாசி எட்டு” என்றேன்.

அவர் மணிபாரதியைப் பார்த்தார். அவன் உதட்டைப் பிதுக்கினான். மறுபடி கேட்டார். “பொரட்டாசி எட்டு, பொதங்கெழம, அமாவாச போயி மூணாம் நாளு” என்றேன். இது எத்தனாவது மாடி என்றார். லிஃப்டில் ஏற்றி வந்தீர்கள், நான் எங்கே எண்ணுவது என்றேன். அதற்கும் ஏதோ எழுதிக்கொண்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கழித்தேன். அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

அப்புறம் உங்களைக் கேட்டார், இவர்களுக்கு மறதி இருக்கிறதா என்று.

விதை விட்டதும் நாற்றுப் பறித்ததும் பிள்ளைக்கு மொட்டை போட்டதும் நாம் இரண்டு பேரும் தமிழ்த் தேதியில்தான். நான் சொன்னது சரி என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அந்த டாக்டர் பையனுக்குத் தெரியாது, பாவம். மணிபாரதிக்கும் தெரியாது. நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமா சார், கொஞ்ச நாளாவே இருக்குது” என்றீர்கள்.

நான் வாய்க்காலில் விழுந்தது உண்மை. எதிரே வந்த நாய்க்காக ஒடித்தேன். நாற்பது வயதில் நீங்கள் குடித்துவிட்டு அதே வாய்க்காலில் கிடந்தீர்கள், நான்தான் தூக்கி வந்தேன். வயசுக் கோளாறு என்று அப்போது யாரும் சர்டிபிகேட் எழுதவில்லை.

எனக்கு மறதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படம் பிடித்து மணிபாரதி ஊரில் பாதிப் பேருக்குப் போனில் அனுப்பியிருக்கிறான். நடவுக்கு ஆள் கூட்டி வரும் ஜெயா நேற்று வரை என்னை அக்கா என்பாள். இன்றைக்கு, “மணிகிட்ட ஒரு வார்த்த கேட்டுகினு வரேன் ஆயா” என்கிறாள். நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. ஆள் வராவிட்டால் இந்தச் சம்பா போயிற்று, நிலமும் தரிசாகப் புகழேந்தி கைக்குப் போகும். அதற்குத்தானே எல்லாம்?

விருத்தாம்பாள்


லாசுப்பேட்டை,
22.10.2025

அன்புள்ள விருத்தாம்பாளுக்கு,

தீபாவளிக்கு நீ வரவில்லை. எண்ணெய் கூட யாரும் வைத்துவிடவில்லை.

உன் கோபம் நியாயம்தான். நான் என்ன செய்ய முடியும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார். அவன் வீட்டில் உட்கார்ந்து அவன் சோற்றைத் தின்கிறேன். எதிர்த்துப் பேசினால் எங்கே போவேன்?

இங்கே நிலைமை சரியில்லை. ஜெயசுதாவின் அப்பா அம்மா இங்கேயே தங்க வருகிறார்கள், நான் படுக்கும் அறை அவர்களுக்கு வேண்டுமாம். விருந்தாளி வந்தால் என்னை உள்ளே போகச் சொல்கிறார்கள். நான் இருக்கும்போதே தாத்தாவுக்கு ஒன்றும் புரியாது என்று பேசிக்கொள்கிறார்கள். இரவில் எழுந்து விழுந்துவிடுவேனாம், குழந்தைக்குக் கட்டுவதை எனக்கும் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். வெட்கமாக இருக்கிறது.

என்னை முதியோர் இல்லத்தில் விடப்போகிறார்கள். அங்கே சேர்க்க டாக்டர் எழுதித் தர வேண்டுமாம். அதே டாக்டர். வருகிற 5ஆம் தேதி. நான் தெளிவாகத்தான் இருக்கிறேன், ஆனால் நான் சொன்னால் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கட்டினவள் நீ வந்து சொன்னால் டாக்டர் கேட்பார். இவருக்கு ஒரு குறையும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல். சொல்லிவிட்டு என்னை நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. திண்டாடுகிறேன்.

உன்,
சிங்காரவேலு


செலியமேடு,
ஐப்பசி 14

சிங்காரவேலு அவர்களுக்கு,

நடவு முடிந்துவிட்டது. ஜெயா வரவில்லை என்று நானே நாற்றைப் பறித்துக்கொண்டு இறங்கினேன். இடுப்பு விட்டுப்போனது. இரண்டாம் நாள் ஜெயா கரையில் வந்து நின்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “நவுரு அக்கா, வரிச கோணுது” என்று இறங்கினாள். அவள் ஆட்களும் இறங்கினார்கள். பயிர் பச்சை பிடித்துவிட்டது. புகழேந்தி வந்து பார்த்துவிட்டு டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனான்.

5ஆம் தேதி வருகிறேன். பாகூரில் பஸ் ஏறி நானே வந்துகொள்கிறேன், கார் வேண்டாம். இவருக்கு மறதி இல்லை என்று டாக்டரிடம் சொல்கிறேன். உண்மை அதுதான். ஆனால் புத்தி கெட்டவள் சொல்வதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. என் பேச்சு செல்லாது என்று அவரிடம் எழுதி வாங்கிய இரண்டு பேரில் நீங்கள் ஒருவர்.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். உங்களைக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன். நிஜமாகவே நினைவு தப்பின மனுஷனாக இருந்தால், கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஊட்டியும் விட்டிருப்பேன். உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

விருத்தாம்பாள்