ஒரே இடத்தில் நின்ற சாமி

காஞ்சிபுரம்
மாசி 12

அன்புள்ள தேவகிக்கு மங்கையர்க்கரசி எழுதிக்கொள்வது. நான் நலம், தறியும் ஓடுகிறது. உனக்கு உடம்பு சரியில்லை என்று, ஓசூர் போய் உன்னைப் பார்த்து வந்த நம் தெரு தேவேந்திரன் சொன்னான். இரண்டு கண்ணிலும் புரையாம், கொதிக்கிற ரசத்தைக் கையில் ஊற்றிக்கொண்டாயாம். டாக்டர் ஆபரேஷனுக்குக் குறித்த தேதியைத் தள்ளிவிட்டு, "நான் பத்து நாள் படுத்தா சந்தியா புள்ளைங்கள யாரு பாக்குறது? நாலு பேரு நிம்மதியா இருக்க ஒருத்தி கண்ணு மங்குனா இன்னா?" என்றாயாம்.

கேட்டதும் எனக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பங்குனித் திருவிழா நினைவுக்கு வந்தது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அதுவரை சாமி நம் தெருவில் நாற்பத்திரண்டு வாசலிலும் நின்று தீபாராதனை வாங்கும். தூக்குகிறவர்கள் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நிற்பார்கள். அந்த வருஷம் சாமி தூக்கி வந்த அர்ஜுனன் என் வாசலில்தான் மயங்கி விழுந்தான். மறு வருஷம் முதல் நடுத்தெருப் பந்தலில் மட்டும் நின்றால் போதும் என்று நீ கூட்டத்தில் எழுந்து சொன்னாய். நான் கத்தினேன். "மங்க அக்கா, உங்க ஒரு வாசலுக்காக இருபது பேரு கால் வேவணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். தென்னேரியிலிருந்து வாழ வந்தவள் எங்கள் தெருவுக்குச் சட்டம் போடுகிறாளே என்று எனக்கு ஆத்திரம். உன் மகள் சந்தியா கல்யாணத்துக்கு வந்தும் பந்தியில் உட்காராமல் திரும்பினேன்.

ஆனால் இன்னொன்றையும் மறக்கவில்லை. மறு பங்குனியில், படுக்கையில் கிடந்த உன் மாமியார் அன்னம்மாளுக்காக மட்டும் சாமியை நிறுத்தலாம் என்று தெருவே சொன்னது. நீ ஒப்பவில்லை. "எங்க வூட்டுக்கு நின்னா, எந்த வூட்டுக்கு இல்லன்னு சொல்றது?" என்றாய். சாமி உன் வாசலைத் தாண்டியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்குகிறவர்களுக்கு மோர் ஊற்றினாய். அந்த நெஞ்சு எனக்கு இல்லை, தேவகி. இன்றுவரை ஒருத்தனும் மயங்கி விழவில்லை. நீ செய்தது சரி. இதை எழுத எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

ஒன்றில் மட்டும் தப்பு செய்தாய். அன்னம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே சரி என்றிருப்பாள். கேட்காததால், ஆடி வருவதற்குள் மனத்தாங்கலோடு போய்ச் சேர்ந்தாள். இப்போதும் அதையேதான் செய்கிறாய். நாலு பேர் நிம்மதி என்கிறாயே, அந்த நாலு பேரைக் கேட்டாயா? ஊர் முழுவதையும் எண்ணுவாய், உன்னை மட்டும் விட்டுவிடுவாய்.

சந்தியா, உன் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுவது நீதான் என்று தெரியும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதினேன். அவள் போதும் என்றாலும் நிறுத்தாதே. டாக்டரிடம் புதுத் தேதி வாங்கு. பத்து நாளும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், என் பேரன் விமல்ராஜ் என்னை பஸ் ஏற்றிவிடுவான். உன் கல்யாணத்தில் சாப்பிடாமல் போனவள், இப்போது வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

பங்குனிக்கு அவளை அழைத்து வா. எனக்கு இடுப்பு வலி, திருவிழாக் கூட்டத்தில் பந்தல் வரை நடக்க ஒரு கை வேண்டும். சாமி வந்துவிட்டது என்று அவள் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரநாதன் அவள் கண்ணைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் எதிர் வீட்டு
மங்கையர்க்கரசி