அந்தியில் செவலை இருக்கப் பழகியது

கூடலூர்ச் சந்தையில் இன்று நெத்திலிக் கருவாட்டுக் கூடையைக் கடந்தபோது உங்கள் மடி வாசம்தான் வந்தது அண்ணே. கருவாட்டை மடியில் முடிந்துகொண்டுதானே உங்கள் நாய் செவலையைப் பழக்கினீர்கள்.

பொழுது சாய்ந்தால் நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைத்து, விடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். உங்கள் சாதியில் பிறந்த ஆண்களுக்கு அன்று வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அதுதான். ஒரு வாழைக்காயைக்கூடத் திருடாத உங்களுக்கும் அதுதான். மலையிலிருந்து பன்றி இறங்கும் கடலைக்கொல்லைக்குச் செவலை மட்டுமே காவல். அதுவோ உங்கள் பின்னாலேயே ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிடும். "நாய்க்கும் ரேகை வைக்கணுமாடா?" என்று ஏட்டு சிரித்தார். காலையில் கொல்லை உழுது போட்டதுபோல் கிடந்தது. உங்கள் வீட்டின் வருஷச் சாப்பாடு அது.

கம்பை எடுத்தீர்கள். நான் தடுத்தேன்.

"வாய்ப்பாடு வரலைன்னு பயலை அடிச்சா, மறுநா பயலும் வரமாட்டாண்ணே."

"அப்ப நாய்க்கு முட்டாய் வாங்கித் தரச் சொல்றீகளா வாத்தியாரே?"

"கருவாடு போதும்."

"கஞ்சிக்கே கடிச்சுக்க ஒண்ணுமில்ல, நாய்க்கு விருந்து வைக்கிறாக" என்ற உங்கள் மனைவிதான் அதைக் கிள்ளிக் கிள்ளித் தந்தார்.

பக்கத்தில் நின்று "இரு" என்பீர்கள். இருந்தால் ஒரு துணுக்கு. பிறகு வரப்பு தாண்டி நின்று. பிறகு என் பள்ளிப் பிள்ளைகள் பந்தடிக்கும்போது, ஆட்டு மந்தை மணியாட்டிக் குறுக்கே போகும்போது. எழுந்துவிட்டால் திட்டாமல் மறுபடி பக்கத்திலிருந்தே தொடங்குவீர்கள். எல்லாவற்றையும் தாங்கிய செவலை, நீங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பத் துண்டை உதறுவதை மட்டும் தாங்கவில்லை. அதனால் பகலிலேயே துண்டை உதறி, கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து கருவாடு கொடுத்தீர்கள். கடைசியில் ஓர் அந்தியில் அது முனகிக்கொண்டே கொல்லையில் இருந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தீர்கள். அந்த வருஷம் கடலை வீடு வந்து சேர்ந்தது.

சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று தண்டோரா போட்ட அன்று கொல்லையில் பேசிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்ததும் நீங்கள் எழுந்தீர்கள்.

"எங்கண்ணே?"

"தெரியல வாத்தியாரே. காலு நிக்க மாட்டேங்குது."

பாதை முனைவரை போய் நின்றுவிட்டீர்கள். முன்னேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. நான் வந்து உங்கள் கையைப் பிடித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி, நன்றாக இருட்டும்வரை கூட நின்றேன். மறுநாளும் அப்படியே. நீங்கள் கண்மூடும்வரை எத்தனையோ அந்திகளில் அது நடந்தது.

ஓய்வு பெற்ற இந்த நாட்களில் என்னைப் பார்க்க வருபவர்கள் விளக்கேற்றும் வேளையில் கிளம்பினால், காரணம் சொல்லாமல், "இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க" என்று கையைப் பிடித்துக்கொள்கிறேன்.