மீன்கள் தொடாத சாதம்

பாப்பாவுக்கு,

போன வருஷம் அம்மாவின் திவசத்துக்கு இந்த எடிசன் ஊரில் ஒரு காக்கைகூட வரவில்லை. மீனுக்குப் போடலாம் என்றார் சாஸ்திரிகள். அதற்காகத்தான் கொல்லையில், குனிய வேண்டாமென்று இடுப்புயரத்துக்குப் பலகையடித்துக் குளம் கட்டினேன். "ஆர் யூ சீரியஸ்ப்பா?" என்று சிரித்தாய்.

இன்று திவசம். குளம் உறைந்து கிடந்தது. மீனுக்காகப் போட்ட ஹீட்டரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் தண்ணீர். அதில் இலையோடு சாதத்தை மிதக்கவிட்டேன். குளிரில் மீன்கள் சாப்பிடாதாம், அடியிலேயே கிடந்தன. "இன்னும் கோபமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியுமே, சண்டை போட்ட அன்றைக்கு நாம் எழுந்து போன பிறகுதான் அம்மா சாப்பிடுவாள்.

திரும்பப் போய்ப் பார்த்தேன். இலை காலி. மீன்கள் அசையவே இல்லை. சுற்றிலும் பனியில் என் காலடி மட்டும்தான்.

வீட்டை விற்றுவிட்டுப் பிளானோவுக்கு, உன்னோடு இருக்க வரச் சொன்னாய். இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள், பாப்பா. எப்படி வருவேன்?

அப்பா