கேட்பதற்கு முன்பே ஓம் சொன்னவருக்கு

இஞ்சருங்கோ,

முப்பத்தைந்து வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். புருஷனைப் பெயர் சொல்லி அழைத்தால் அவருக்கு ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஒருநாளும் நான் சொல்லவில்லை. பிறகும் ஏன் குறைந்தது?

இங்கே ஒஸ்லோ நகர ஓரத்தில், ஹவுகெட்டோவில், ஒரு கிழமையாக மூடுபனி. காலையில் யன்னல் திரையை விலக்கினால் எதிர்ப்பக்கத்து மாடிவீடுகளைக் காணவில்லை, ரயில் நிலையத்தையும் காணவில்லை, ரயில் வந்து நின்று போகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இந்த வெள்ளைக்குள் எதுவும் நடக்கலாம் போல இருக்கிறது. நேற்று முருங்கைக்காய் வாங்க நகரத்துக்குள் குறொன்லாண்டுக் கடைகளுக்குப் போகிறபோது, ரயில் தண்ணீரோரமாக வளைகிற இடத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். நீங்கள் குதிரையில் வந்தீர்கள். மஞ்சள் றப்பர் ஏப்ரன், வெள்ளைப் பூட்ஸ், தலையில் மீன் தொழிற்சாலையின் வலைத்தொப்பி. ரயிலுக்குச் சமமாகத் தண்ணீரின் மேல் வந்தீர்கள்.

"எங்கை போறியள்?" என்று கேட்டேன்.

"ஒராள் உதவி கேட்டவர். போட்டு வாறன்."

"என்ன உதவி?"

"அது போய்த்தானப்பா கேக்கவேணும்."

விழித்தபோது ஒஸ்லோ வந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உயிரோடு இருந்தபோது இதையே செய்தீர்கள், செத்த பிறகும் திருந்தவில்லை.

உங்கள் நினைவு மலருக்கென்று எழுதுகிற இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் வண்டவாளத்தைக் கொஞ்சம் தண்டவாளம் ஏற்ற வேண்டியிருக்கிறது. கோபிக்காதீர்கள். நோர்வேயின் வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்டுக்கு நான் வந்து இறங்கியபோது உங்களுக்கு மூன்று உடைமைகள் இருந்தன: மீன் வெட்டுகிற கத்தி, கரண்டி ஒன்று, அந்த ஊர் நூலகத்திலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுக்காத ஸ்பெயின் தேசத்துக் குதிரைவீரர் கதைகள். குளிர்காலத்தில் சூரியன் எட்டியும் பார்க்காத அந்த இரண்டு மாதத்தில் நோர்வேஜிய மொழி படிக்கவென்று கைக்கு அகப்பட்ட தடித்த புத்தகத்தை எடுத்தீர்களாம். அகராதியை வைத்து அதைத்தான் படித்தீர்களாம். அதனால் மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று மேற்பார்வையாளரை "மேன்மை தங்கிய பிரபுவே" என்று கூப்பிட்டீர்கள். அந்த மனிதன் ஒரு மாதம் சிரித்தான். பிறகு அவனும் உங்களை "வீரரே" என்று அழைக்கத் தொடங்கினான்.

மொழி பிறகு சரியாகிவிட்டது. ஒஸ்லோவுக்குக் குடிவந்த பிறகும் வேறொன்றுதான் சரியாகவில்லை. அந்தக் கதைகளில் ஒரு வழக்கம் உண்டு. துன்பப்பட்ட ஒருவர் வந்து "எனக்கு ஒரு வரம் வேண்டும்" என்பார். அது என்ன வரம் என்று கேட்பதற்கு முன்பே வீரன் தந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டுக் கொடுப்பது வியாபாரியின் வேலையாம். அப்படி வரம் கொடுத்துக் கெட்ட ராசாக்களை நாங்களும் அறிவோம், ஆனால் நீங்கள் ராசாவும் இல்லையே! மீன் வெட்டுகிறவர்.

"அண்ணை, ஒரு உதவி" என்று யாராவது வாய் திறந்தால் போதும், "ஓம், செய்வம்" என்று விடுவீர்கள். பிறகுதான் "என்ன?" ரோட்டால் போகிற சனியனை விலைக்கு வாங்குவது என்று நான் பேசாத நாளில்லை. திருகோணமலைப் பெடியன் ஒருவன் அப்படித்தான் கேட்டான். ஓம் சொன்ன பிறகு பார்த்தால், அவனுக்குக் கல்யாணம். பெண் தன்னந்தனியாக விமானத்தில் வருகிறாள். தாரை வார்த்துக் கொடுக்கத் தாய் தகப்பன் வேண்டும். பாட்ஸ்பியோர்ட் ஊர் மண்டபத்தில், கசெற்றில் நாதஸ்வரம் வாசிக்க, வெளியே பனிப்புயல் அடிக்க, முப்பத்திரண்டு வயதில் நீங்கள் மாமனார். இருபத்தேழு வயதில் நான் மாமியார். மாப்பிள்ளை என்னைவிட நாலு வயது மூப்பு. இன்றைக்கும் அவர் தொலைபேசியில் "மாமி, எப்பிடிச் சுகம்?" என்றுதான் கேட்கிறார். உங்கள் செத்தவீட்டில் மகன் போல அழுதார்.

இங்கே உள்ளவர்கள் வெயில் காய ஸ்பெயினுக்குப் போய்ச் சிவந்து வருவார்கள். நாங்களும் போவோமே என்று எத்தனை தரம் கேட்டேன். "போனா அங்கை வீரர் ஒருத்தரும் இல்லையெண்டு தெரிஞ்சிடுமப்பா" என்றீர்கள். ஒரு பின்னேரம் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "அந்த நாட்டு ஆக்கள் முதல்ல வீரனைப் பாடிச்சினம். பிறகு அவனைப் பாத்துச் சிரிச்சினம். சிரிச்சுச் சிரிச்சுக் கடைசியில அவனை விட்டிட்டு இருக்க ஏலாமல் போச்சு." நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். எனக்கும் அதுதான் நடந்தது என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன வாக்கு ஒன்று வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

கீழ்மாடி வீட்டில் இருக்கிற பேரித்தை நினைவிருக்கும்தானே. எண்பத்துநாலு வயது, பிள்ளை குட்டி இல்லை, நீங்கள் மின்குமிழ் மாற்றிக் கொடுக்கிற மனுஷி. போன கிழமை என்னைக் கோப்பிக்குக் கூப்பிட்டாள். மெலிந்து, மஞ்சளாகியிருந்தாள். ஈரலில் வருத்தம், இனி வைத்தியம் இல்லையாம். திங்கட்கிழமை முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறாளாம்.

"உன் கணவர் தை மாதம் மாடிப்படியில் எனக்கு ஒரு வாக்குத் தந்தார்" என்றாள். இங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். "ஒன்று கேட்கலாமா என்றேன். உடனே ஓம் என்றார். நான் இன்னும் கேட்கவில்லையே என்றேன். ஸ்பெயினில் வீரர்கள் கேட்கமாட்டார்கள் என்று சிரித்தார். பிறகு சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். பிறகு அவர் நோயில் விழுந்துவிட்டார்."

"என்ன கேக்க இருந்தனி?" என்றேன்.

அவள் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் சாகிற நேரம் அறையில் ஒருவர் இருக்க வேண்டும். வேறொன்றும் இல்லை. உன்னைக் கேட்கவில்லை. சொல்லாமல் போக மனமில்லாமல் சொன்னேன். உனக்கு விடுதலை."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். மூன்று நாள் அந்தப் படியால் இறங்கவில்லை, லிஃப்ட்டில் போய் வந்தேன்.

மகளுக்குச் சொன்னேன். ஆரணிக்குக் கோபம். "அம்மா, உங்களுக்கு ஒரு பிளிக்டும் இல்லை" என்றாள். கடமை என்பதற்கு அவளுக்கு நோர்வேஜியச் சொல்தான் முதலில் வரும். "அதுக்குக் கொம்மூன இருக்கு, நகரசபையின்ர நேர்ஸ்மார் இருக்கினம். அப்பா குடுத்த வாக்கு அப்பாவோட போச்சு. ஒருக்கா நீங்கள் பட்டது காணாதே?"

அவள் சொன்னது சரி. ஆனால் நான் பட்டது என்னவென்று அவளுக்குத் தெரியாது. அவளும் இதை வாசிப்பாள், வாசிக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உங்கள் கட்டிலருகே இருந்தேன். நான்காம் நாள் முற்பகல் நீங்கள் அமைதியாக நித்திரை கொண்டீர்கள். "கன்ரீனுக்குப் போட்டு இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். தேத்தண்ணி சுட்டது, ஆற்றி ஆற்றிக் குடித்தேன். திரும்பி வந்தபோது தாதி கதவுக்கு வெளியே நின்றாள். ஓடிவந்த ஆரணியிடம் பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா என்ன சொன்னவர் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, நித்திரையிலேயே போனார் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கண் விழித்தீர்களா? "இஞ்சரப்பா" என்றீர்களா? காலியாக இருந்த கதிரையைப் பார்த்தீர்களா?

லிஃப்ட்டில் போய் வந்த மூன்று நாள் கழிந்து, நாலாம் நாள் படியால் இறங்கிப் போய்ப் பேரித்திடம் இதைச் சொன்னேன். உலகத்தில் முதல் ஆளாக அவளிடம். இருக்க வேண்டிய நேரத்தில் எழும்பிப் போனவள் நான், என்னை நம்பாதே என்றேன். யன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பேரித் என் கையைப் பிடித்தாள்.

"அப்படியென்றால் நான் ஏன் கேட்கிறேன் என்று உனக்குத்தான் தெரியும்."

அழுதேன், அவளும் அழுதாள். பிறகு நான் மூக்கைத் துடைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். உங்கள் மனைவிதான், ஆனால் வியாபாரி. எத்தனை நாள் என்று வைத்தியர் சொன்னார்? நோவுக்கு மருந்து சரியாகக் கொடுப்பார்களா? மூச்சு மாறினால் எனக்கு யார் அறிவிப்பார்கள்? உனக்குப் பயம் வந்தால் நான் என்ன செய்ய? பாட்டுத் தெரியாது, தேவாரம்தான் தெரியும், பரவாயில்லையா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்குச் சிரித்தாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் ஓம் என்றேன்.

நீங்கள் என்ன வருகிறது என்று தெரியாமல் ஓம் சொன்னீர்கள். நான் முழுதும் தெரிந்து, பயத்தோடேயே சொன்னேன். உங்கள் கதைகளில் இப்படியும் ஒரு வகை வீரர் உண்டா? இருந்தால் கனவில் வந்து சொல்லுங்கோ. இல்லாவிட்டாலும் வாருங்கோ.

பராமரிப்பு இல்லத்தில் பேரித்தின் புது அறையில் பெரிய யன்னல் இருக்கிறது. பகலெல்லாம் நித்திரை கொள்கிறாள். விழிக்கும்போது முதலில் கதிரைப் பக்கம் பார்க்கிறாள், பார்த்துவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடுகிறாள். ஆரணிக்கு இன்னும் கோபம்தான், ஆனாலும் தன் வேலை முடிந்து அங்கே வந்து என்னைக் காரில் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். இதை வாசித்த பிறகும் வருவாளோ தெரியாது. வந்தால் காரில் அவளிடம் நானே என் வாயால் ஒருமுறை சொல்வேன்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டு போகிறேன். கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். இந்தமுறை எழும்பமாட்டேன்.

உங்கள் மனைவி,
யோகம்