பஸ்ஸை நிறுத்தாத கண்டக்டர்

திருமுடிவாக்கம் பட்டறை,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் ரூக்சாருக்கு அத்தா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்க நான், உங்கம்மா, மாப்பிள்ளை, ஃபைஸ் எல்லாரும் அல்லாஹ் கிருபையில உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம். அயர்லாந்துல அந்தக் குளிர்ல நீயும் அப்படியே இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். அத்தாவுக்கு என்ன திடீர்னு லெட்டர் எழுதுற புத்தின்னு சிரிப்பே. சிரி. போன்ல உன் புள்ளை ஃபைஸ் பேரை எடுத்ததுமே வார்டுல கூப்பிடுறாங்க அத்தான்னு வெச்சுடுறே. வாட்ஸ்அப்ல டைப் அடிக்கலாம்னா லேத் புடிச்ச இந்த விரலுக்கு ஒரு எழுத்து அமுக்கினா மூணு விழுது. பேப்பரை நீ கட் பண்ண முடியாது பாரு, கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும். எழுதினதும் மாப்பிள்ளைகிட்ட குடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுவேன். அவர் படிச்சா படிக்கட்டும், அவர் செஞ்ச வேலையும் இதுல இருக்கு.

பன்னெண்டு மணிக்கு ஃபைஸை ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டுட்டு வரணும். கடியாரத்தைப் பார்க்குறேன், அது நகரவே மாட்டேங்குது. இன்னிக்குத்தான் முதல் தடவையா அவன்கிட்ட சொல்லிட்டு, அவனைத் தனியா விட்டுட்டு பட்டறைக்கு வந்திருக்கேன். வந்து என்ன பிரயோஜனம், ஒரு இடத்துல கால் நிக்கலை. டிரில்லிங் மெஷின்ல நின்னேன், பத்து எம்.எம். போட வேண்டிய தகட்டுல பன்னெண்டைப் போட்டுத் துளைச்சுட்டேன். நம்ம ஃபோர்மேன் லாசரஸ் ஓடி வந்து மெஷினை ஆஃப் பண்ணிட்டு, இன்னா பாய், கை ஒரு பக்கம் கீது, மனசு ஒரு பக்கம் கீது, உள்ள போய் உக்காருன்னு என் பட்டறையில என்னையே விரட்டிட்டான். ஆபீஸ் ரூம்ல உக்காந்து ஃபைஸோட கிளாஸ் மிருதுளா மிஸ்ஸுக்கு போன் போட்டேன், எடுக்கலை. மறுபடி போட்டேன், எடுக்கலை. கிளாஸ் நேரத்துல எடுக்க மாட்டாங்கன்னு தெரியும், தெரிஞ்சுதான் போட்டேன். வேற என்ன செய்யுறதுன்னு தெரியாம உனக்கு எழுதிக்கிட்டு இருக்கேன்.

முதல்ல ஒரு விஷயத்தைப் போட்டு உடைச்சுடுறேன். ஃபைஸ் ஸ்கூல்ல ஜம்முன்னு செட் ஆயிட்டான், போனதும் விளையாட ஓடிடுறான்னு மாப்பிள்ளை உன்கிட்ட சொன்னாரே, அது அத்தனையும் பொய். உனக்கு அங்க வேலை ஓடணுமேன்னு சொன்ன பொய், அவரைத் திட்டாதே. ஜூன்ல சேர்த்ததுல இருந்து அவன் ஒரு நாள்கூட உருப்படியா உள்ள இருக்கலை. அழுகைன்னா சாதாரண அழுகை இல்லை, குடிச்ச பாலெல்லாம் வெளிய வந்துடும். வீட்டுலயும் பேஜார்தான். யார் செருப்பைக் கழட்டினாலும் தூக்கிட்டுப் போய் வாஷிங் மெஷினுக்குள்ள போட்டு மூடிடுவான். செருப்பு இல்லைன்னா வெளிய போக முடியாதாம். லாசரஸ் ஒரு நாள் சாவி குடுக்க வந்தவன் ஒத்தைச் செருப்போட பைக் ஓட்டிட்டுப் போனான், நீ பார்த்திருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பே. மாப்பிள்ளை காலையில சிறுசேரி கம்பெனி பஸ்ஸைப் புடிக்க ஷூவை எடுத்துட்டுப் போய் மாடிப்படியில உக்காந்து போட்டுக்குவார், அதுவும் திருடன் மாதிரி. உங்கம்மா பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கூட்டிட்டுப் போய் ஓதி ஊதிக்கிட்டு வந்தா, கண்ணேறுன்னு மிளகாய் சுத்திப் போட்டா, எல்லாம் ஆச்சு.

அவன் ஏன் இப்படி இருக்கான்னு எனக்குப் புரியலைன்னா நம்புவியா? அத்தனை மரமண்டை நான். முதல் நாள் ஸ்கூல்ல என்ன செஞ்சேன் தெரியுமா, அங்க ஒரு மீன் தொட்டி இருக்கு, வாடா ஃபைஸ், ஆரஞ்சு மீன் பாருன்னு காட்டி, அவன் கண்ணாடியில மூக்கை வெச்சு அழுத்திப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது பூனை மாதிரி நழுவி வந்துட்டேன். நம்ம வீட்டுல எல்லாரும் அப்படித்தானே செய்வோம்? சொல்லிட்டுப் போனா அழுவான், காக்கா காட்டி, டிவி போட்டுவிட்டு, தெரியாமப் போயிடணும். உன்னையும் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுல அப்படித்தானே அனுப்பினோம். மாப்பிள்ளை அவனை நகரும் படிக்கட்டு காட்டக் கூட்டிட்டுப் போனார், அவன் கைதட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல நீ பெட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டே. அப்ப நாங்க எல்லாரும் அப்பாடான்னு இருந்தோம், புள்ளை அழாம முடிஞ்சுதேன்னு. வீட்டுக்கு வந்து அவன் கட்டிலுக்கு அடியில தேடினதை உன்கிட்ட யாரும் சொல்லலை.

மிருதுளா மிஸ்தான் கண்டுபிடிச்சாங்க. உன் வயசுதான் இருக்கும், ஆனா கோவம் வந்தா என்னையே ஒரு பார்வை பார்ப்பாங்க. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, சார், உங்க பேரன் ஒரு பொம்மையைக்கூடத் தொட மாட்டேங்குறான், மண்ணு, தண்ணி, களிமண், பிளாக்ஸ் எதைக் குடுத்தாலும் கையைக் கட்டிக்குறான், சுவத்துல முதுகைச் சாய்ச்சு வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான், வீட்டுல இவன் விளையாடும்போது யாராவது காணாமப் போயிருக்காங்களான்னு கேட்டாங்க. எனக்கு முதல்ல சுருக்குன்னு கோவம் வந்துச்சு, அது என்ன காணாமப் போறதுன்னு. அப்புறம் மீன் தொட்டியைச் சொன்னேன், ஏர்போர்ட்டைச் சொன்னேன். அப்ப விளையாடினா ஆள் போயிடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான் சார், அதான் விளையாடாமக் காவல் இருக்கான்னு சொன்னாங்க. எனக்கு அங்கேயே மண்டையில யாரோ தட்டின மாதிரி ஆயிடுச்சு ரூக்சார். மூணு வயசுப் புள்ளை காவல் இருக்கான்மா, நம்மளை நம்பாம.

நாளையில இருந்து நீங்களும் கிளாஸுக்குள்ள வாங்கன்னு சொல்லிட்டாங்க. உன் அத்தா இந்த உடம்பை வெச்சுக்கிட்டு முழங்கால் உசரம்கூட இல்லாத மஞ்ச நாற்காலியில உக்காந்ததை நினைச்சுப் பாரு. உக்காந்துட்டேன், எழுந்திருக்கத்தான் ரெண்டு புள்ளைங்க கை குடுக்க வேண்டியதா இருந்துச்சு. மிஸ் நாற்காலிகளை எல்லாம் வரிசையாப் போட்டு பஸ்ஸுன்னாங்க, தாம்பரத்துல இருந்து வேளச்சேரி போகுதுன்னாங்க, ஃபைஸ்கிட்ட ஒரு விசிலைக் குடுத்து, வாசல்கிட்ட நிக்கிறவர்தான் கண்டக்டர், நீங்க விசில் அடிச்சாத்தான் பஸ் நிக்கும், சொல்லிட்டுத்தான் யாரும் இறங்கணும்னாங்க. இவன் கண்ணுதான் எப்பவும் வாசல்லயே இருக்கே, விசிலை வாங்கிக்கிட்டான். முதல் தடவையா ஒரு பொருளைக் கையில வாங்கினான். ஆனா என் பேரன் என்ன செஞ்சான் தெரியுமா, பஸ்ஸை நிறுத்தவே இல்லை. சேலையூர் வந்துச்சு, நிறுத்தலை. கேம்ப் ரோடு வந்துச்சு, நிறுத்தலை. மேடவாக்கம் இறங்கணும் இறங்கணும்னு புள்ளைங்க கத்துதுங்க, இறங்கக் கூடாது, எல்லாரும் உள்ளயே இருங்கன்னு கையை விரிச்சு வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறான். மறுநாளும் அதே கதை. அடுத்த நாளும் அதே. எனக்குப் பொறுமை போயிடுச்சு, டேய் ஒரு தடவை நிறுத்தேன்டா, நன்னாவுக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னேன். மிஸ் என்னை முறைச்சாங்க, பஸ் அவரோடது சார், நீங்க பேசஞ்சர்னாங்க. வாயை மூடிக்கிட்டேன். ஸ்கூல் ஓனர் வேற எட்டிப் பார்த்துட்டு, மத்த புள்ளைங்க ஏ பி சி எழுதுறாங்க, இவன் இன்னும் பஸ் ஓட்டிக்கிட்டே இருந்தா எப்படி, அடுத்த வருஷம் சேர்த்துக்கலாமேன்னு என் காதுல போட்டுட்டுப் போனார். அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கலை.

கடைசியில பஸ்ஸை நிறுத்தினது யாரு தெரியுமா, விக்கின்னு ஒரு வாண்டு. அவனுக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு. கண்டக்டர் அண்ணா, அவசரம், போயிட்டு வந்துடுறேன்னு டிரவுசரைப் புடிச்சுக்கிட்டு குதிக்கிறான். ஃபைஸ் மிஸ்ஸைப் பார்க்குறான், என்னைப் பார்க்குறான், நாங்க ரெண்டு பேரும் பேசலை. இன்னும் கொஞ்சம் விட்டா பஸ்ஸே நனைஞ்சிருக்கும். ஊதினான் பாரு ஒரு விசில்! விக்கி ஓடினான். ஃபைஸ் அவன் போன பாத்ரூம் கதவையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். விக்கி ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டு திரும்பி வந்து அவன் நாற்காலியில உக்காந்தான். ஃபைஸ் கிட்டப் போய் அவன் தலையைத் தொட்டுப் பார்த்தான்மா. தொட்டுட்டு, மறுபடி போன்னான். விக்கி எனக்கு வரலையேங்குறான், பரவாயில்லை போயிட்டு வான்னு இவன் விசில் அடிக்கிறான். அதுக்கு அப்புறம் நிறுத்தாத ஸ்டாப்பிங்கே இல்லை. ஒவ்வொரு புள்ளையையும் இறக்கி விடுறதும், போயிட்டு வர்றேன் சொல்ல வைக்கிறதும், அலமாரிக்குப் பின்னால போய்ட்டு வந்ததும் தொட்டுப் பார்க்குறதுமா அதே ஆட்டம். மிஸ்ஸை அனுப்பினான். அப்புறம் என்னை அனுப்பினான், முதல்ல அலமாரி வரைக்கும், அப்புறம் கேட் வரைக்கும், அப்புறம் தெருமுனை வரைக்கும்.

இன்னிக்குக் காலையில மிஸ் சொன்னபடி அவன் முன்னாடி முட்டி போட்டு, நன்னா பட்டறைக்குப் போயிட்டு, நீ சாப்பிட்டு முடிச்சதும் வந்துடுவேன்னு முகத்துக்கு நேரா சொன்னேன். தெருமுனை இல்லையான்னு கேட்டான். இல்லைடா கண்ணு, அதைவிடத் தூரம்னேன். உதடு கோணிக்கிச்சு. இருந்தாலும் விசிலை வாயில வெச்சான். அழுகையும் வருது, விசிலும் வாயில இருக்கு, அவன் அழ அழ அது பீ பீன்னு சத்தம் போடுது. அந்தச் சத்தம் கேட் வரைக்கும் என் முதுகுக்குப் பின்னாலயே வந்துச்சு, திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருந்தாங்க. இப்பவும் அதுதான் காதுல கேக்குது. லாசரஸ் வண்டிச் சாவியை நீட்டுறான், இன்னும் நேரம் இருக்கு பாய், ஆனா நீ கிளம்பிடு, இங்க இருந்தா இன்னொரு தகட்டைக் கெடுப்பேங்குறான். மீதியை வீட்டுல போய் எழுதுறேன்.

வீட்டுக்கு வந்துட்டேன் ரூக்சார். ஃபைஸ் தூங்குறான், உங்கம்மா பக்கத்துல படுத்திருக்கா. நான் ஸ்கூலுக்குப் போனப்போ கேட்டுக்கு வெளிய அழுகைச் சத்தம் எதுவும் கேக்கலை, அதுவே எனக்கு பயமா இருந்துச்சு. உள்ள எட்டிப் பார்த்தா பஸ் ஓடிக்கிட்டு இருக்கு. சாப்பிட்டிருக்கான், சட்டையெல்லாம் தயிர்சாதம். என்னைப் பார்த்து ஓடி வருவான்னு நான் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறேன், அவன் ஒரு கையைக் காட்டி, அங்கேயே நில்லுங்க, பஸ் இன்னும் மேடவாக்கம் வரலைங்குறான். நின்னேன். பஸ் வந்துச்சு, விசில் அடிச்சு, ஏறுங்கன்னான், தலையைத் தொட்டுப் பார்த்தான். மாஷா அல்லாஹ்ன்னு மனசு சொல்லுது, கண்ணுல தண்ணி கொட்டுது, மஞ்ச நாற்காலியில உக்காந்து கர்ச்சீப்பைத் தேடினேன்.

இந்தக் கடுதாசியை இதோட முடிச்சு, எல்லாம் நல்லபடியா ஆச்சு மகளேன்னு எழுதலாம்னுதான் நினைச்சேன். ஆனா வர்ற வழியில முடிச்சூர் ரோட்டுல, ஸ்கூட்டர் முன்னாடி நின்னுக்கிட்டு வந்தவன், நன்னா, அம்மா இறங்குறப்ப நான் விசில் அடிக்கலையே, அப்ப திரும்பி வரணும்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்னு கேட்டான். வண்டியை ஓரம் கட்டிட்டேன்மா. அம்மா ஆபீஸ் போயிருக்கா, சாயந்திரம் வருவான்னு நீ சொல்லச் சொன்னியே, அது என் வாயில வரலை. அம்மா ரொம்பத் தூரத்துல நோயாளிங்களைப் பார்த்துக்குறா, உன்கிட்ட சொல்லாமப் போனது எங்க தப்பு, அவ வருவான்னு சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பி நின்னு, என் சட்டைப் பட்டனைப் புடிச்சுக்கிட்டே வந்தான்.

அதனால இப்ப நான் சொல்றதைக் கேளு. நீ வீடியோ கால் பண்றதை நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு? பார்த்தா அழுவான்னு சொல்றே. அழட்டும்மா. டிசம்பர் லீவுக்கு வந்தா மறுபடி கிளம்புறப்ப அவன் மனசைக் கிளறின மாதிரி ஆயிடும், அதனால வரலைன்னு மாப்பிள்ளைகிட்ட சொன்னியாம். கிளம்பி வா. வந்துட்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போ. ஏர்போர்ட்டுல அவனே விசில் அடிக்கட்டும், ஊரே திரும்பிப் பார்க்கட்டும். உங்கம்மா புள்ளையை அழ விடுறதாவதுன்னு சண்டைக்கு வருவா, அவளை நான் பார்த்துக்குறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுட்டு நாங்க நாலு பேரும் போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்போம், நீ கூப்பிடு. போனை வெக்கிறதுக்கு முன்னாடி, அம்மா வேலைக்குப் போயிட்டு வர்றேன், அடுத்த ஞாயிறு கூப்பிடுவேன்னு சொல்லு. சொன்னா கண்டிப்பா கூப்பிடணும், தலை போற வேலை இருந்தாலும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியும் காப்பியுமா இருக்காதே, டியூட்டிக்குப் போறப்ப காதை மூடிக்கோ. அல்லாஹ் உன் கையில நோய் தீர்க்குற ஷிஃபாவைக் குடுத்து, உன்னை நல்லபடியா எங்ககிட்ட கொண்டு வந்து சேர்க்கட்டும். இன்னொண்ணு, எழுதலாமா வேணாமான்னு பேனாவை வெச்சு வெச்சு எடுக்குறேன், எழுதிடுறேன். நீ கூப்பிடாம இருக்குறது அவன் அழுவான்னு இல்லை, நீ அழுதுடுவேன்னுதான், அது எனக்குத் தெரியும். அவன் அழுதா தூக்கி வெச்சுக்க இங்க மூணு பேர் இருக்கோம். நீ அழுதா அங்க யாருமே இல்லையே கண்ணு. அதனால எங்க முன்னாடியே அழு.

இப்படிக்கு,
உன்னை நினைச்சு ஒரு இடத்துல உக்கார முடியாத அத்தா
சௌகத் அலி