ஏசி ஓடாத பன்னிரண்டு நாட்கள்

ஏப்ரல் 9, புதன்

காரில் ஏசி வேலை செய்யவில்லை. பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு எரிகிறது, காற்றும் வருகிறது; ஆனால் வெளியே அடிப்பதைவிடச் சூடான காற்று. நான்தான் எதையாவது தவறாக அமுக்குகிறேனோ என்று கையேட்டை எடுத்துப் படித்துப் பார்த்தேன். தவறு என்னுடையது அல்ல. அப்படித்தான் நினைக்கிறேன்.

மனைவியிடம் மாலையில் சொன்னேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?" என்றாள்.

ஞாயிறன்று அவள் அக்காவைப் பார்க்கப் போவதாக இருக்கிறோம். இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். அக்காவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தார். கேஸ் அளவு சரியாக இருக்கிறதாம். "அப்ப கம்ப்ரசர்தான் சார். மாத்திடலாம், பத்து நாள் ஆகும்." கம்ப்ரசருக்கு மின்சாரம் போகிறதா என்று பார்த்தீர்களா எனக் கேட்டேன். சிரித்தார். "நீங்க நோட்டுல எழுதிப் பாருங்க சார், நான் ஸ்பேனர்ல பாக்கறேன்." முப்பத்து நான்கு வருடம் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தைக் கட்டி ஆண்டவன், ஒரு ஸ்பேனரைக் கண்டால் வாயடைத்துப் போகிறேன்.

ஏசி இல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அவளுக்கு நரம்பு நோய். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினால் போதும், கால்கள் துணி மாதிரி ஆகிவிடும், பார்வையும் மங்கும். குளிர்ச்சியில் ஒரு மணி நேரம் இருந்தால் திரும்பிவிடும். இந்த ஏப்ரல் வெயிலில் நான்கு மணி நேரம் என்றால், போய்ச் சேரும்போது அவளைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். அக்கா கண்ணெதிரில் அப்படி இறங்க மாட்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

வரிசையாகப் போனேன். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. கம்ப்ரசருக்கு நேரடியாக பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். 'டக்' என்று பிடித்துச் சுழன்றது. ஆக, அது சாகவில்லை. மிச்சம் ரிலே. பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. பொத்தான் அனுப்பும் சின்ன மின்சாரத்தை வாங்கிக்கொண்டு பெரிய மின்சாரத்துக்குக் கதவைத் திறந்துவிடுவது. ஹாரனுக்கும் அதே மாதிரி ரிலேதான். அதைப் பிடுங்கி ஏசியின் இடத்தில் செருகினேன். இரண்டு நிமிடத்தில் ஐஸ் காற்று.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பழுதைத் திரும்ப வரவழைத்துப் பார்க்காதவன் பழுதைக் கண்டுபிடித்தவனே அல்ல; எத்தனை மாணவர்களின் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்! எனவே பழைய ரிலேயை மறுபடி அதன் இடத்தில் வைத்தேன். ஏசி நின்றது. நிரூபணம் முடிந்தது.

அந்த நேரத்தில்தான் அவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னங்க, வேலை செய்யுதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அந்த நொடியில் அது உண்மை.

ஏப்ரல் 12, சனி

காலை உதிரிபாகக் கடையில் புது ரிலே வாங்கினேன். சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் செருக வேண்டியதுதான்.

செருகவில்லை.

ஏன்? எழுதிவிடுகிறேன், இதை என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள். போன வருடம் அதே நெடுஞ்சாலையில் ஒரு லாரி என்னை முந்தும்போது பக்கக் கண்ணாடியை உரசிவிட்டுப் போனது. வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை. அவள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்ததும், "டயரில் காற்றுப் பார்த்தேன்" என்றேன். அதற்குப் பிறகு மார்க்கெட்டையும் அவள் டாக்டர் வீட்டையும் தாண்டி நான் ஓட்டியதே இல்லை. அவளுக்கு அது தெரியாது. தூரம் போக வேண்டிய வேலையும் வரவில்லை.

நாளை போடலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

போகவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

அக்கா பேசினாள். இவள் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள், கையில் பிடிக்க முடியவில்லை என்று. "என்னடி, உன் அளவுகோல் இன்னும் அளந்து முடிக்கலையா?" கல்யாணமான வருடத்திலிருந்து அக்கா எனக்கு வைத்த பெயர் அது. வழக்கமாக இவளும் சேர்ந்து சிரிப்பாள். இன்று, "அப்படிச் சொல்லாதக்கா. அவர் ஒண்ணை எடுத்தா முடிக்காம விடமாட்டார்" என்றாள்.

நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்ஸி வைத்துப் போகலாமா என்றாள். நான் என்ன சொன்னேன்? போன தடவை டாக்ஸிக்காரன் ஊர் எல்லை தாண்டியதும் ஏசியை நிறுத்தியதை நினைவுபடுத்தினேன். உண்மைதான், நிறுத்தினான், அவளை இருவர் தூக்கி இறக்கினார்கள். விடியுமுன் கிளம்பலாமா என்றாள். கண்புரை அறுவைக்குப் பிறகு எதிரே வரும் விளக்கு கண்ணைப் பறிக்கிறது என்றேன். அதுவும் உண்மை.

நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. பொய்யை இப்படியும் அடுக்க முடியும் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

"சரி, நீங்க பாத்துப் பண்ணுங்க" என்றாள். என்னை நம்பி.

ஏப்ரல் 17, வியாழன்

மெக்கானிக்கிடம் கம்ப்ரசருக்குச் சொல்லிவிட்டேன். தேவையில்லாத ஒன்று. சொன்னால் பத்து நாள் கிடைக்கும்.

ஏப்ரல் 18, வெள்ளி

அக்காவின் மகள் பேசினாள். "சித்தப்பா, அம்மா நேத்துலேர்ந்து சாப்பிடல. சித்தி எப்ப வர்றாங்கன்னு மட்டும் கேக்கறாங்க." வண்டி பழுது என்றேன். "நான் வந்து கூட்டிட்டுப் போகலாம், ஆனா அம்மாவ விட்டுட்டு எப்படி..." அழுதாள். சீக்கிரம் வந்துவிடுவோம் என்றேன்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு முதலில் வழியில் பயம் வந்தது. கனம் அப்புறம்தான் சேர்ந்தது.

ஏப்ரல் 19, சனி

இன்று அவள் மாத்திரை போட்டுத் தூங்கிய பிறகு பகல் பதினோரு மணிக்குப் புது ரிலேயைப் போட்டேன். ஏசி ஓடியது. தனியாக நெடுஞ்சாலை வரை ஓட்டிப் போனேன். ஒத்திகை. ஒத்திகை சரியாக வந்தால் நாளை கிளம்பிவிடலாம் என்று கணக்கு. சாலையில் ஏறும் வளைவில் நின்றேன். லாரி, பஸ், லாரி. இடைவெளி கிடைத்தபோது கால் அமுங்கவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்து, "யோவ் பெருசு, வீட்ல பேரப்பிள்ளைகளோட விளையாடேன்யா!" என்றான். எங்களுக்குப் பிள்ளையே இல்லை. அவனுக்கு என்ன தெரியும். திரும்பிவிட்டேன்.

தெருவுக்குள் நுழையுமுன் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, நல்ல ரிலேயைப் பிடுங்கி, கெட்டதைச் செருகினேன்.

என்ன மனுஷன்யா நீ? சொல்லு. எழுபத்து மூணு வயசாகுது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?

ஏப்ரல் 20, ஞாயிறு

நாளைக் காலை சொல்லிவிடுவது. காப்பி குடித்ததும்.

ஏப்ரல் 21, திங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபோன் வந்தது. அக்கா போய்விட்டாள்.

அவள் அழவில்லை. "வெயில்ல எப்படியானாலும் பரவாயில்ல. கிளம்பலாம்" என்றாள். புடவை மாற்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி தானே வாசலுக்கு வந்தாள். அதற்குள் நான் பானட்டைத் திறந்து மூடிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தபோது குளிர்ந்த காற்று அவள் முகத்தில் அடித்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றைப் பார்க்க முடியுமானால்.

"சரியாயிடுச்சா?"

"ரிலேதான். புதுசு போட்டேன்."

வண்டி தெருமுனை தாண்டியதும் கேட்டாள்: "கடை எட்டு மணிக்குத்தானே திறப்பான்?"

நான் கியரை மாற்றினேன். போய்ச் சேரும்வரை அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஒன்றும் நடக்கவில்லை. லாரிகள் வந்தன, முந்தின, போயின. நான்கு மணி நேரம். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அவள் இறங்கித் தன் காலால் நடந்து உள்ளே போனாள். அக்காவின் மகள் என்னிடம், "நல்லவேளை சித்தப்பா, இன்னைக்காவது வண்டி ஓடிச்சே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னாள்.

ஏப்ரல் 23, புதன்

நேற்று எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரிலே எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன், போன வருடத்து லாரியிலிருந்து.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். "நான் சிரிச்சிருப்பேனா? பக்கத்துவீட்டுக்காரரை ஓட்டச் சொல்லியிருப்பேன். ஒத்துக்கலேன்னா ஐஸ் கட்டியக் கட்டிட்டு பஸ்ல போயிருப்பேன். பன்னெண்டு நாள்ங்க. அவகிட்ட தினமும் உங்களுக்காகப் பரிஞ்சு பேசிட்டிருந்தேன்."

திட்டவில்லை. கொஞ்சம் திட்டியிருந்தால் நானும் எதையாவது பற்றிக்கொண்டு பேசியிருப்பேன்.

அக்காவின் மகள் தனியாக இருப்பதால் சில நாள் அங்கேயே இருக்கிறேன் என்றாள். "வெயில் குறைஞ்சதும் வர்றேன்." நான் மட்டும் திரும்பினேன். காலி வண்டியில் ஏசி எதற்கு? அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

கம்ப்ரசர் வந்திருக்கிறது என்று மெக்கானிக் வந்தார். வேண்டாம், சரியாகிவிட்டது என்றேன். "யார் சார் பாத்தா?" நான்தான் என்றேன். "பரவால்லையே சார்! கைல தொழில் இருக்கே. முன்னாடியே சொல்லக் கூடாது?"

மே 3, சனி

அவளுடைய மருந்துகளைத் தேதிவாரியாகப் பிரித்துப் பார்சலில் அனுப்பினேன். ஒரு மாதத்துக்கு. அனுப்பிய பிறகு, ஒரு வாரத்துக்கு மட்டும் அனுப்பியிருக்கலாமே என்று தோன்றியது.

மே 24, சனி

மருந்து தீரப் போகிறது, அடுத்த மாதத்துக்கும் அனுப்பச் சொன்னாள்.

ஜூன் 19, வியாழன்

இங்கே மூன்று நாளாக மழை. மொட்டைமாடிக் குழாய் அடைத்துக்கொண்டது. குச்சியால் குத்திச் சரிசெய்தேன். சாயங்காலம் அவளுக்கு ஃபோன் செய்தேன். கால் எப்படி இருக்கிறது என்றேன். பரவாயில்லை என்றாள். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பிறகு, அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன்.

"இன்னும் குறையலங்க" என்றாள்.

அவள் குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது.

"சரி, குறையட்டும்" என்றேன்.